அலமாரிக்குள் ஒரு சித்திரை வெயில்

முளைத்த நான்காம் நாள் வெந்தயக்கீரை மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல் ஒரு சுருக்கம். விவசாயிகள் நாற்றழுகல் என்பார்கள். பக்கத்துத் தட்டில் கடுகு மட்டும் பாதி உயிரோடு நின்றது. வெப்பமானியின் ஒயரை உள்ளே விட்டுப் பார்த்தேன். 43 டிகிரி காட்டியது. கூடத்தில் அப்போது 31தான்.

மயிலாப்பூரில் வாடகைக்கு எடுத்த இரண்டாம் மாடி வீடு. பால்கனியை வாஷிங் மெஷின் எடுத்துக்கொண்டது. மொட்டை மாடி வீட்டுக்கார மாமியின் வடாம் ராஜ்ஜியம். ஆகவே பழைய மர பீரோ ஒன்றைக் காலி செய்து, கீரை வளர்க்கும் அலமாரியாக மாற்றியிருந்தேன். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், ஐந்தடி உயரம். மேலே 100 வாட் எல்இடி விளக்குப் பலகை, கீழே மூன்று தட்டுகள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குச் சுவரில் ஓட்டை போடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. குடிவந்த அன்றே மாமி சொல்லிவிட்டார்: "ஏம்பா, சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது, சொல்லிட்டேன்." பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. ஆணி அடிக்கவில்லை.

செடிகளைச் சாகடித்தது என் புத்திசாலித்தனம்தான். சித்திரை பிறந்ததும் அறை சூடாகத் தொடங்கியது. வெளிச்சூடு உள்ளே போகக் கூடாதே என்று அலமாரியின் உட்புறம் முழுக்க ஒரு அங்குல தெர்மகோல் ஒட்டினேன். அதற்கு முன் உள்ளே 39 டிகிரி இருந்தது, ஒட்டிய பிறகு 43. தெர்மகோலுக்கு உள், வெளி தெரியாது. ஃபிளாஸ்க்கில் காப்பி ஊற்றினால் சூடாக வைக்கும், ஐஸ் போட்டால் குளிர்ச்சியாக வைக்கும். எந்தப் பக்கம் சூடு இருக்கிறதோ அந்தப் பக்கமே அதை நிறுத்திவைப்பது அதன் வேலை. என் அலமாரியில் சூடு உற்பத்தியாகும் இடம் உள்ளேதான். எரியும் அடுப்பைக் கம்பளியால் போர்த்தியிருக்கிறேன்.

எல்இடி சூடாகாது என்று கடையில் சொல்வார்கள். குண்டு பல்போடு ஒப்பிட்டால் சரி. ஆனால் 100 வாட் உள்ளே போனால் 100 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். நல்ல எல்இடியில் பாதியளவு மின்சாரம் ஒளியாகிறது, மீதி அங்கேயே அலுமினியத் தகட்டில் சூடாகிறது. அந்த ஒளியும் இலையில் பட்டு, மண்ணில் பட்டு, அலமாரியின் சுவரில் பட்டுச் சூடாக மாறுகிறது. இலை அதில் உணவாகச் சேமித்துக்கொள்வது சில சதவீதம் மட்டுமே. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பும் ஏறக்குறைய 100 வாட் சூட்டைத்தான் வெளிவிடுகிறது. பீரோவுக்குள் ஒருவர் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால் எப்படியோ, அப்படி. அவரைக் குளிரவைக்க என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் கதவைத் திறந்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. குளிர்ச்சியை எங்கிருந்தாவது கொண்டுவந்து உள்ளே போடவேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிக் கொண்டுவந்த ஊர்தான் இது. கபாலி கோயில் குளத்திலிருந்து வடகிழக்கே கடற்கரைச் சாலைக்குப் போனால், மெரினாவைப் பார்த்தபடி வட்ட முகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய வீடு என்பதால் அந்தப் பெயர். ஆனால் பஸ் கண்டக்டர்கள் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் கூவுகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1842இல் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு அது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகள் பனிக்காலத்தில் உறையும்போது அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி நான்கு மாதம் பயணம் செய்ய வைத்து, இங்கே கொண்டுவந்து விற்றார்கள். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள், ஏறக்குறைய 100 டன் கரை சேர்ந்தது. பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டியும் பாதிக்கு மேல் உருகவில்லை என்றால் அந்தப் பெருமை சுற்றிப் பொதிந்த காப்புக்குத்தான். அங்கே குளிர் உள்ளே இருந்தது, சூடு வெளியே. காப்பு சரியான பக்கம் வேலை செய்தது.

டியூடரின் வியாபாரம் செத்துப்போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனால் அவர் காலத்துக் கணக்கு நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. 'ஒரு டன் ஏசி' என்கிறோமே, அந்த டன் மெஷினின் எடை இல்லை. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை விழுங்குமோ அவ்வளவு சூட்டை அந்த இயந்திரம் விழுங்கும் என்று பொருள். வாட் கணக்கில் 3,500. டி.நகரில் ஏசி வாங்கும்போது 'ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?' என்று கேட்கும் விற்பனையாளர், தெரியாமலே பனிக்கட்டி எடை போட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கணக்கு தெரிந்தபோது எனக்கும் டியூடர் ஆசை வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறையவைத்து அலமாரிக்குள் வைத்தேன். ஒரு மணி நேரம் சொர்க்கம். அதற்குப் பிறகு பாட்டிலைச் சுற்றிக் குட்டையாகத் தண்ணீர் தேங்கியதுதான் மிச்சம். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். உருகிய நீர் 25 டிகிரிக்கு ஏற இன்னும் நூற்றுச் சொச்சம். மொத்தம் 440 என்று வைத்துக்கொள்ளலாம். 100 வாட் விளக்கு அதை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் தின்று தீர்த்துவிடும். நாளுக்கு 16 மணி நேரம் விளக்கு எரிந்தால் 13 பாட்டில் வேண்டும். என் ஃப்ரீசரில் மாவுக்கும் தேங்காய்த் துருவலுக்கும் போக நான்குக்குத்தான் இடம். அதுவும் போகட்டும், அந்த நான்கையும் உறையவைக்க ஃப்ரிட்ஜ் பிடுங்கிய சூடு அதன் முதுகு வழியாக அதே வீட்டுச் சமையலறையில்தான் இறங்குகிறது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியிருக்கிறேன், கூடவே கமிஷனும் கொடுத்திருக்கிறேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் தீப்பெட்டி அளவில் பெல்டியர் தகடு என்று ஒன்று கிடைக்கும். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் சில்லிடும், மறுபக்கம் கொதிக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். வாங்காதீர்கள். ஒரு பங்கு சூட்டை நகர்த்த அது பெரும்பாலும் இரண்டு பங்கு மின்சாரம் கேட்கும், மூன்று பங்காக வெளியே கக்கும்.

அடுத்தது நம் ஊர்ப் பழைய வித்தை: மண்பானை, ஈரத்துணி, வெட்டிவேர்த் தட்டி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. என் ஐஸ் பாட்டிலைவிட ஐந்து மடங்குக்கு மேல், கரண்ட் செலவும் கிடையாது. தில்லியின் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் செங்கல்லையும் ஈர மணலையும் மட்டும் வைத்து மின்சாரமே இல்லாத காய்கறிக் குளிரறை செய்தார்கள். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் கொட்டி, தக்காளியை வாரக்கணக்கில் வாடாமல் வைத்தார். அங்கெல்லாம் நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை?

ஈரத்தை எவ்வளவு ஆற்றலாம் என்பதற்குக் காற்று ஒரு எல்லை வைத்திருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் அது எந்த டிகிரியில் போய் நிற்கிறதோ அதுவே எல்லை. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அதற்குக் கீழே எந்தப் பானையும் எந்த வெட்டிவேரும் கொண்டுபோக முடியாது. தில்லிக் கோடையில் 42 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் அந்த எல்லை 22 டிகிரி. மயிலாப்பூரில் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 28.5. நம்மைவிட ஏழு டிகிரி அதிகமாக வேகும் ஊரில் பானைத் தண்ணீர் நம்முடையதைவிட ஆறரை டிகிரி குளிர்ந்திருக்கும்.

இதில் இன்னும் விசித்திரமானது நம் கடற்காற்று. மே மாதக் காலையில் மேற்கிலிருந்து, ஊர் உலகமெல்லாம் காய்ந்து வரும் தரைக்காற்று வீசும். நண்பகலுக்கு மேல் ஏதோ ஒரு நேரத்தில் காற்று திரும்பும், கடலிலிருந்து ஈரக்காற்று நுழையும். 'அப்பாடா' என்று நகரமே மூச்சுவிடும். கடற்காற்று தாமதமாகும் நாள்கள்தான் சென்னையின் கொடுமையான நாள்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சரி, பானை என்ன நினைக்கிறது என்று பாருங்கள். கடற்காற்றுக்கு முன் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் எல்லை 26. கடற்காற்று வந்தபின் 34 டிகிரி, 65 சதவீதம் என்றால் எல்லை 28.5. காற்று ஆறு டிகிரி ஆறியிருக்கிறது, பானைத் தண்ணீரோ இரண்டரை டிகிரி சூடேறக் காத்திருக்கிறது. நமக்குச் சுகமான நேரம் ஈரத்துணிக்கு ஆகாத நேரம்.

இது தெரியாமல் நான் அலமாரிக்குள் ஈரத்துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். உள்ளே செடிகளே நாளெல்லாம் இலை வழியாகத் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு இலையும் ஒரு சின்ன வெட்டிவேர்த் தட்டி. அந்த ஈரக் காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கும்போது நானும் துண்டைப் போட்டு ஈரத்தைக் கூட்டினால், துண்டும் ஆறவில்லை, இலையும் ஆறவில்லை, பூஞ்சைக்குத்தான் விருந்து. வெந்தயத்தின் அடித்தண்டில் கட்டியிருந்த அந்த நூல் அப்படி வந்ததுதான்.

ஆக, வெளியேற்றுவதுதான் வழி. 100 வாட் சூட்டை அறையைவிட மூன்று டிகிரிக்கு மேல் ஏறாமல் காற்றால் மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 29 லிட்டர் காற்று ஓடவேண்டும். அலமாரியின் மொத்தக் கொள்ளளவு 570 லிட்டர் போல. 20 நொடிக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறவேண்டும் என்று அர்த்தம். கேட்க மலைப்பாக இருக்கும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றும் உள்ளங்கை அகல 12 வோல்ட் ஃபேன், மூன்று வாட் செலவில், ஏறக்குறைய இதைச் செய்துவிடும். தடுப்பு ஒன்றும் இல்லாவிட்டால், என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். கொசுவலை, வளைந்த குழாய் எல்லாம் வந்தால் பாதிதான் ஓடும்.

ஃபேனை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். செடிக்குக் காற்று வேண்டும் என்று கீழே வைத்து உள்நோக்கி ஊதவிடுவார்கள். சூடான காற்று லேசு, அது மேலே போய் விளக்கைச் சுற்றி நிற்கும். அதை மேலிருந்து வெளியே இழுத்தால் போதும். இடத்தை நிரப்பக் கீழிருந்து அறைக்காற்று தானாக வரும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் முற்றம் இதைத்தான் செய்தது. ரேழி வழியாக வாசல் காற்று நுழையும், சூடு முற்றத்து வானம் வழியாக ஏறிப் போகும். அந்த வீடுகள் பெரும்பாலும் ஃபிளாட்டுகளாகிவிட்டன. எங்கள் கட்டடத்திலும் முன்பு முற்றம் இருந்த இடத்தில் இப்போது லிஃப்ட் ஓடுகிறது.

என் பீரோவின் பின்பலகை மெல்லிய பிளைவுட். மேலே ஃபேனுக்கு ஒரு வட்டம், கீழே காற்று நுழைய அதைவிடப் பெரிய ஒரு நீள்சதுரம் வெட்டினேன். பீரோ என்னுடையது, அதில் எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போடலாம். தெர்மகோலைப் பிய்த்து எறிந்தேன். விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டியையும் அலமாரிக்கு வெளியே, தலைமேல் வைத்தேன். பத்து வாட் அளவு சூடு அதோடு வெளியே வந்துவிட்டது, தண்ணீரும் மின்சாரமும் விலகி இருப்பது இன்னொரு லாபம். அறை 31, அலமாரி 34. மூன்று டிகிரிக்குக் கொண்டுவந்தாயிற்று.

அந்த மூன்று டிகிரிக் காற்றை அறையில் விடுவதா, தெருவில் விடுவதா? ஏசி இல்லாத அறை என்றால் வெளியே விடுவது நல்லது. அதற்கும் சுவரைத் தொடவேண்டியதில்லை. சென்னையின் பழைய ஃபிளாட்டுகளில் குளியலறை வென்டிலேட்டர் என்பது சாய்வாகச் செருகிய கண்ணாடித் தகடுகள். இரண்டு தகட்டை மெல்ல உருவி எடுத்து, செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, அந்த அளவுக்கு சன்போர்டு வெட்டிச் செருகி, அதில் சமையலறைச் சிம்னிக்குப் போடும் சுருள் அலுமினியக் குழாயை மாட்டினால் வேலை முடிந்தது. வீட்டைக் காலி செய்யும் அன்று கண்ணாடியைத் திரும்பச் செருக ஐந்து நிமிடம் ஆகும்.

ஏசி ஓடும் அறையில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். நானும் ஒரு மாதம் செய்து, கணக்குப் போட்டபின் வெட்கப்பட்டேன். நொடிக்கு 29 லிட்டர் காற்றை வெளியே தள்ளினால் அதே 29 லிட்டர் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகத் தெருவிலிருந்து உள்ளே வரும். அது 35 டிகிரி, அதோடு ஈரம். காற்றை ஆற்றுவதைவிட அதிலுள்ள ஈரத்தைப் பிழிவதில்தான் ஏசி அதிகம் பாடுபடும். கூட்டிப் பார்த்தால் ஆயிரம் வாட்டுக்கு மேல் கூடுதல் சுமை. 100 வாட்டைத் துரத்த ஆயிரம் வாட்டை விருந்துக்கு அழைத்திருக்கிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு டன் ஏசிக்கு 100 வாட் என்பது முப்பத்தைந்தில் ஒரு பங்கு. விருந்தாளி ஒருவர் கூடத்தில் கூடுதலாக உட்கார்ந்ததாக நினைத்துக்கொண்டு அறையிலேயே விட்டுவிடலாம்.

பைசா செலவில்லாமல் சூட்டைக் குறைத்தவை மூன்று. ஒன்று, கடிகாரம். செடிக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டுமே தவிர அது பகலில்தான் வரவேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. டைமரை மாலை 6 முதல் காலை 10 வரை என்று மாற்றினேன். ஊர் கொதிக்கும் எட்டு மணி நேரம் அலமாரிக்கு இரவு. நள்ளிரவில் வீட்டுக்கு வரும் உறவினர்கள் பீரோ இடுக்கில் ஊதா வெளிச்சம் கசிவதைப் பார்த்து ஒரு மாதிரியாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் தொல்லை. மேற்குச் சுவரை ஒட்டி இருந்த பீரோவையும் உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினேன். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் சாயங்காலம் முழுக்க அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றைக் கல்யாண வீட்டில் கற்றேன். பாலிகை தெளிக்கிறார்களே, மண் கிண்ணங்களில் ஊறவைத்த நவதானியத்தைப் போட்டு? கோயில் திருவிழாக்களின் தொடக்கத்திலும் அங்குரார்ப்பணம் என்று இதே சடங்கு உண்டு. தென்மாவட்டங்களில் முளைப்பாரியை இருட்டறையில் வைத்தே வளர்ப்பார்கள். வெளிர் மஞ்சளாக, கிடுகிடுவென்று உயரும். முளைக்கும் விதைக்கு முதல் சில நாள் வெளிச்சம் வேண்டாம், தன் மடியில் கட்டிக்கொண்டு வந்த சோற்றிலேயே வளரும். என் கீரைத் தட்டுகளும் முதல் நான்கு நாள் விளக்கில்லாமல் மூடியிருந்தால் என்ன நஷ்டம்? பத்து நாள் பயிரில் நான்கு நாள் விளக்கு மிச்சம். விளக்கு எரியாவிட்டால் சூடு இல்லை. கரண்ட் பில்லிலும் தெரியும்: 100 வாட், 16 மணி நேரம், 60 நாள் என்றால் 96 யூனிட். ஃபேன் இடைவிடாமல் ஓடினால் இன்னும் நான்கு. இரண்டு மாதத்துக்கு அரசு அப்போது தந்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை என் பீரோவே தனியாகக் குடித்து முடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை செய்தும் அலமாரி 31க்குக் கீழே வரவில்லை. வராது. காற்றால் ஆற்றும் எந்தப் பெட்டியும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராகாது. மே மாத இரவில் சென்னைக் காற்றே 28க்குக் கீழே இறங்கத் தயங்கும். எனக்கோ லெட்யூஸ் வளர்க்கும் ஆசை. 31 டிகிரியில் அது கசந்து, கழுத்தை நீட்டிப் பூக்கப் பார்க்கும்.

சிங்கப்பூரும் நம்மைப்போல் வேகும் ஊர்தான், அங்கே குளிர்காலம் என்ற சொல்லே கிடையாது. 1990களில் லீ சிங் கோங் என்ற பேராசிரியரும் அவரது சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். லெட்யூஸின் வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு, 20 டிகிரிக்கு ஆற்றிய ஊட்டநீரை அவற்றின்மேல் பனிபோல் தெளித்தார்கள். இலைகளை ஆற்றவே இல்லை. அவை வெப்பமண்டல வெயிலில், 30ஐத் தாண்டிய காற்றில் இருந்தன. செடி ஒழுங்காக இலை விட்டு வளர்ந்தது. சூட்டில் செடி தளர்வதற்குப் பெரும் காரணம் வேர்ப்பக்கம் இருந்திருக்கிறது. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூடான வேர் வேகமாக மூச்சுவிடும், மூச்சுக்கான காற்றோ குறைந்துபோயிருக்கும். வேரழுகல் பூஞ்சைகளுக்கு அதுதான் நல்ல காலம். நமக்குப் புரியாத விஷயம் இல்லை. வெயிலில் வந்தவர் முதலில் காலைக் கழுவிக்கொள்கிறார்.

குப்பைக்குப் போக இருந்த தெர்மகோலை மறுபடி எடுத்தேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மூடி போட்ட தெர்மகோல் பெட்டி ஒன்று. அதில் பத்து லிட்டர் ஊட்டநீர், மூடியில் ஆறு துளை, துளைக்கு ஒரு லெட்யூஸ் நாற்று, வேர் மட்டும் தண்ணீரில். விளக்கின் சூடு இப்போது தெர்மகோலுக்கு வெளியே இருக்கிறது. டியூடரின் கப்பல்போல, காப்பு சரியான பக்கம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் புகும் சூடு ஐந்து வாட் அளவே இருக்கும். அலமாரி முழுவதையும் ஆற்ற நாளுக்கு 13 ஐஸ் பாட்டில் கேட்ட அதே வேலைக்கு, வேரை மட்டும் ஆற்றுவதானால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். பாட்டிலை அப்படியே தண்ணீரில் போட்டால் நாற்று விறைத்துவிடும், ஒரு துணியில் சுற்றி மூலையில் நிறுத்த வேண்டும். தண்ணீர் 21, 22ல் நிற்கிறது. இலைகள் 31ல் நின்றபடி என்னை ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் லெட்யூஸ் ஏன் இப்படிக் கஷ்டப்படுத்த வேண்டும், பக்கத்திலேயே தெற்கு மாட வீதியில் அக்கினி நட்சத்திரத்திலும் தண்டுக்கீரை கட்டுக்கட்டாக வந்து குவிகிறதே என்று ஒருநாள் தோன்றியது. விடை இலைக்குள்ளே ரூபிஸ்கோ என்ற ஒரு புரதத்தில் இருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையின் முதல் கை அதுதான். கைக்கு ஒரு குறை: கரியமில வாயு என்று நினைத்து அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடும். பிடித்ததைச் சரிசெய்யச் செடி சேர்த்துவைத்ததைச் செலவழிக்க வேண்டும். சூடு ஏற ஏற இந்தத் தடுமாற்றம் கூடும். வெந்தயம், கடுகு, லெட்யூஸ், நெல் எல்லாமே இந்தக் குறையோடு வாழ்கின்றன. தண்டுக்கீரையும் அரைக்கீரையும் வேறு ரகம். கரியமில வாயுவை முதலில் வேறொரு புரதம் பிடித்து, இலையின் உள்ளறைக்கு எடுத்துப்போய், ரூபிஸ்கோவின் முன்னால் கொட்டுகிறது. அந்த நெரிசலில் ஆக்சிஜன் உள்ளே நுழைய இடமில்லை. கரும்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் இதே வித்தைக்காரர்கள். பூமியின் தாவர இனங்களில் நூற்றுக்கு மூன்றுதான் இப்படி. அதில் ஒன்றைத்தான் நாம் மிளகாய் கிள்ளிப் போட்டு மசியல் செய்கிறோம்.

காளானிலும் இதே கதை. மொட்டுக்காளான் 16, 18 டிகிரி கேட்கும், அதனால்தான் ஊட்டியில் வளர்ந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் அருப்புக்கோட்டையிலிருந்து வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகமோ 30 முதல் 35 டிகிரியில்தான் நன்றாக வரும், ஈரக்காற்றும் அதற்குப் பிடிக்கும். அருப்புக்கோட்டை வெயிலில் பிறந்ததற்குச் சென்னை மே மாதம் அத்தை வீடு மாதிரி. என் பீரோவுக்கு அதைவிடப் பொருத்தமான குடித்தனக்காரர் கிடைக்கமாட்டார்.

கார்த்திகை பிறந்து இரவு 23, 24க்கு இறங்கும்போது வெந்தயத்தையும் கடுகையும் விதையுங்கள், ஃபேன் ஒன்றே போதும். கோடையில் லெட்யூஸ்தான் வேண்டும் என்றால் தெர்மகோல் பெட்டி இருக்கிறது, வேரை மட்டும் ஆற்றுங்கள். மற்றவர்களுக்கு மே மாதத்துக்கு என் சிபாரிசு தண்டுக்கீரை. அதற்கு அலமாரி, விளக்கு, ஃபேன் எதுவும் வேண்டாம். மாமியிடம் வடாம் காயாத மூலை ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன், வாரம் ஒரு கட்டு அவருக்கு.